வாசல் தெரியும் பெஞ்சு

அண்ணன் அந்தத் தகரப் பலகையை வாசிக்கிற விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கையகலத் தகரம். பச்சைப் பெயின்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் மரத்தின் லத்தீன் பெயர், அதற்கடியில் தமிழ்ப் பெயர், கடைசியில் அது எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்ற விவரம். ஆனைப்புளி மரத்தின் பருத்த அடித்தண்டில் அதை ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். அண்ணன் அதற்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, கோர்ட்டு அமீனா ஜப்தி நோட்டீசை வாசிக்கிற மாதிரி, எழுத்துக் கூட்டி அந்த லத்தீன் பெயரை உரக்க வாசிப்பார். பாதி வழியில் நாக்கு சிக்கிக்கொள்ளும். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏளா, இப்படி ஒரு பேரை வச்சுக்கிட்டு இது எப்படித்தான் இம்புட்டு வளந்துச்சோ?" என்று கேட்பார். எனக்கு எட்டு வயது, அவருக்குப் பதினேழு. வயிறு வலிக்கச் சிரிப்பேன். வாரா வாரம் அதே மரம், அதே பலகை, அதே கேள்வி. எனக்கு ஒரு வாரமும் சலித்ததில்லை.

பாளையங்கோட்டையில் இருக்கும் அந்தத் தாவரவியல் தோட்டத்தை எங்கள் சிறு வயதில் பெரியவர்கள் துரைத்தோட்டம் என்றே சொல்வார்கள். துரைமார் காலத்தில் யாரோ ஒரு பாதிரியார் கப்பலில் விதை வரவழைத்துப் போட்டதாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆனைப்புளி, பிரேசில் தேசத்து நாகலிங்கம், எங்கள் ஊர் வெயிலில் ஒரு நாளும் காய்க்காமல் நின்ற சாதிக்காய் மரம், எப்போதும் ஈரவாடை அடிக்கும் பெரணி வீடு, நடுவில் அல்லித் தொட்டி. தொட்டியைச் சுற்றிச் சிமெண்டு பெஞ்சுகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணன் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து அங்கே கூட்டிப்போவார். சிவன் கோயிலுக்குப் பின் தெருவில் எங்கள் வீடு. அங்கிருந்து தோட்டம் இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த கருப்பட்டி மிட்டாய் இருக்கும். அதைத் தோட்டத்துக்குள் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

அண்ணனுக்கு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. "மரம்னா நிழல் தரணும்ளா. பூக்கிறது காய்க்கிறதெல்லாம் அது இஷ்டம்" என்பார். ஒவ்வொரு மரத்தடியிலும் போய் உட்கார்ந்து பார்த்து அதற்கு ஒரு மார்க்குப் போடுவார். நாகலிங்கத்துக்குப் பாதி மார்க்குதான், தலையில் காய் விழுமாம். தூங்குமூஞ்சி மரத்துக்கு முழு மார்க்கு. சாதிக்காய் மரத்தை ஃபெயிலாக்கிவிட்டார். நான் பின்னாளில் தாவரவியல் படித்து, பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகி, எத்தனையோ பிள்ளைகளுக்கு இலையின் நரம்பையும் பூவின் சூலகத்தையும் நடத்தினேன். அண்ணனின் மார்க்குப் பட்டியலை மட்டும் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை, ஏன் நாலு மணி என்று அப்போது நான் கேட்டதில்லை. அதற்கு முந்தின வருடம்தான் அப்பா தவறிப்போயிருந்தார். மற்ற நாட்களில் அம்மா எப்படியோ வேலையில் ஓட்டிவிடுவாள். அப்பா வீட்டில் இருக்கும் நாள் ஞாயிறு. அன்றைக்குச் சாயங்காலக் காப்பியை இறக்கி வைத்ததும் அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாளாம். அது என் காதில் விழக் கூடாது என்றுதான் அண்ணன் என்னை வெளியே கூட்டிப்போயிருக்கிறார். இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் கல்லூரி முடித்திருந்தேன். அண்ணன் சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டில் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. தலை வலித்தால் தைல பாட்டிலை எடுத்து எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துக்கொள்வோம். பசித்தால் அடுக்களைப் பக்கம் இரண்டு தடவை நடப்போம். கோபம் என்றால் சாப்பிட்ட தட்டைக் கழுவி ஓசைப்படாமல் வைப்போம், அந்த ஓசையின்மையிலிருந்து மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்று எங்களுக்குள் ஓர் எண்ணம். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியாது. சின்ன விஷயங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்தது. பெரிய விஷயம் வந்தபோதுதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

என் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த ஆசிரியரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். மிஷன் காலத்திலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. நாங்கள் சைவக் குடும்பம். அண்ணன் அதற்குள் பொதுப்பணித்துறை ஆபீசில் கிளார்க்காகி, கல்யாணமாகி, மதினியும் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அம்மா அழுதாள். அண்ணன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை. நானும் ஒற்றைக்காலில் நின்றேன். ஐந்தாம் நாள் காலையில் பூசை அறையிலிருந்து வெளியே வந்தவர், உள்ளங்கையில் திருநீற்றை வைத்தபடி அப்பா படத்துக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்க்காமல், மதினியைப் பார்த்துப் பேசினார். "இந்த வீட்டு வாசப்படிய இனி அவ மிதிக்கக் கூடாது. அவ வீட்டு வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் திருநீற்றைப் பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் திருப்பி எடுத்ததில்லை. தாத்தா ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு முப்பது வருடம் தன் தம்பியின் தெருவழியே கூடப் போகாமல் ஊரைச் சுற்றிப் போனார் என்று பெருமையாகவே பேசுவார்கள். பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று கல்யாணத்துக்கு முன்பு நானே கேலி பேசியிருக்கிறேன். எனக்கென்று வந்தபோது நானும் அதே ரத்தம்தான். வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று சொன்னீர்கள் அல்லவா, சாகும்வரை மிதிக்க மாட்டேன் என்று மனசுக்குள் நானும் ஒரு திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டேன். ஆற்றுக்கு அந்தக் கரையில் வீடு பார்த்துக் குடிபோனோம்.

பன்னிரண்டு வருடம் போனது. மகள் பிறந்தாள், ஏழு வயதானாள். இடையில் கோயிலில் வைத்து அம்மாவை மூன்று நான்கு தடவை பார்த்திருப்பேன். அம்மா போய்விட்டாள் என்று தகவல் வந்த அன்று என் வீட்டுக்காரர்தான் என்னைக் கூட்டிப்போனார். தெருவில் பந்தல் போட்டிருந்தது. நான் வாசப்படிக்குக் கீழே, தெருவில் நின்றுகொண்டேன். அண்ணன் உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தோம். "உள்ளே வா" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். பெற்ற தாய்க்காகவாவது நான் அவர் வார்த்தையை மீறிக்கொண்டு உள்ளே ஓடிவர மாட்டேனா என்று அவர் காத்திருந்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, குளிப்பாட்டுவதை முற்றத்தில் வேண்டாம், தெருவிலேயே வைத்துச் செய்யுங்கள் என்று அண்ணன் சொல்வது கேட்டது. பெண்கள் முணுமுணுத்தார்கள், அவர் கேட்கவில்லை. அதனால்தான் அம்மாவின் காலைத் தொடவும் வாய்க்கரிசி போடவும் எனக்கு முடிந்தது. என்னை உள்ளே விட மனமில்லாமல் அம்மாவையே வெளியே கொண்டுவந்துவிட்டாரே என்று நான் அன்று முழுக்கப் புகைந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தெருவிலிருந்து என் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஆசிரியை ஒருத்தி உண்டு. அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள், உங்க அண்ணன் இப்போ ஞாயித்துக்கிழமை தவறாம துரைத்தோட்டத்துக்குப் போறாகளே என்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது. அதுவரை நானும் எப்போதாவது பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போவது உண்டு. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவருக்கு நிம்மதியாக உட்கார அந்த ஓர் இடமாவது இருக்கட்டும், அங்கேயும் போய் நான் ஏன் கண்ணில் பட வேண்டும் என்பது என் நியாயம்.

நியாயம் என்று எழுதிவிட்டேன். உண்மை அதில் பாதிதான். மீதிப் பாதி பயம். நான் எதிரே போய் நின்று, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டால் அதற்குப் பிறகு எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது? பேசாமலேயே இருந்தால், பேசியிருப்பார் என்று நினைத்துக்கொள்ளவாவது இடம் இருக்கும்.

மகளுக்கு எட்டு வயதானபோது ஒரு நாள் துணிந்தேன். ஆனைப்புளி மரத்தைப் பற்றி அவள் வகுப்பில் ஏதோ படித்துவிட்டு வந்து, பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வேறொரு நாள் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனசு எதற்கோ ஆசைப்பட்டது. என் வீட்டுக்காரருக்குச் சபையில் கூட்டம் இருந்தது. நானும் மகளும் மட்டும் பஸ் ஏறினோம். அவளுக்கு நல்ல பாவாடை சட்டை போட்டு, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, கண்ணுக்கு மை எழுதிக் கூட்டிப்போனேன். தோட்டத்துக்குப் போக எதற்கு அம்மா இவ்வளவு என்று அவளே கேட்டாள்.

வாசலுக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. அதன் சீட்டைச் சுற்றி அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி. எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கால் அப்படியே நின்றுவிட்டது. எத்தனை நிமிடம் நின்றேனோ தெரியாது. உள்ளே நிமிர்ந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை, குனிந்த தலை குனிந்தபடி அந்தச் சேலைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். வாசல் திறந்துதானே இருக்கிறது என்று அவள் கேட்டாள். இன்றைக்கு உள்ளே விட மாட்டார்கள் என்று பொய் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவளுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். மாமியாரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டைக்குப் போய்வருவோம். திரும்பும்போது சில நாள் மார்க்கெட் பக்கத்தில் அவர் நடந்துபோவது கண்ணில் படும். ஆரம்பத்தில் நன்றாக வீசி நடந்தார். வருடம் போகப் போக ஒரு காலை இழுத்து நடந்தார். கடைசி நாட்களில் கையில் ஒரு கம்பு. வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருப்பார். ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர், பென்ஷன் வருகிறது, இப்படியா வெயிலில் நடந்து சாவார், நல்ல சைக்கிள் இருந்ததே, அதை என்ன செய்தார் என்று எனக்கு எரிச்சலாக வரும். வயதாக ஆகக் கஞ்சத்தனம் முத்திவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார், இறங்கிப் போய்ப் பேசு, நான் அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறேன் என்று. பஸ் போய்க்கொண்டே இருக்கும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பஸ் இப்படிப் போயிருக்கிறது.

போன கார்த்திகையில் அண்ணன் தவறிப்போனார். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. நான் மறுபடியும் அதே தெருவில், அதே வாசப்படிக்குக் கீழே நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மதினி அந்த நிலையிலும் எழுந்து வாசல்வரை வந்து, உள்ளே வா என்று என் கையைப் பிடித்தாள். நான் போகவில்லை. கூப்பிட வேண்டியவர் கூப்பிடவில்லையே மதினி என்று மட்டும் சொன்னேன்.  ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் திரும்பிப் போனாள். இந்தத் தடவையும் தெருவில் வைத்துத்தான் குளிப்பாட்டினார்கள். யார் சொல்லி அப்படிச் செய்தார்கள் என்று தெரியவில்லை.

மாசி மாதத்தில் மதினி போன் பண்ணினாள். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குத் துரைத்தோட்டத்துக்கு வா, உன்கிட்ட ஒரு காரியம் சொல்லணும் என்றாள். மறுபேச்சு பேசாமல் போனேன். தோட்டம் மாறிப்போயிருந்தது. நடப்பவர்களுக்காகச் சிமெண்டுக் கல் பாவிய பாதை, போட்டோ எடுக்க இதய வடிவத்தில் ஒரு வளைவு, பெரணி வீட்டுக்குப் புதிதாகப் பச்சை வலை. தகரப் பலகைகளைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பலகை மாட்டியிருந்தார்கள். ஒருவழியாகச் சாதிக்காய் மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அல்லித் தொட்டி மட்டும் அப்படியே இருந்தது. மதினியை அங்கேதான் தேடினேன், தூங்குமூஞ்சி மரத்தடியில். அண்ணன் முழு மார்க்குப் போட்ட இடம் அது. அங்கே அவள் இல்லை.

நுழைவாசலுக்கு உள்ளேயே, மதில் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். மேலே ஒரு கிளை கிடையாது. மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. சேலைத் தலைப்பை இழுத்து நெற்றிக்கு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உங்க அண்ணன் இங்கனதான் உக்காந்திருப்பாக" என்றாள். எனக்குப் புரியவில்லை. அந்த மனிதர் நிழலில்லாத இடத்தில் இரண்டு நிமிடம் நிற்க மாட்டார்.

"நிழலே இல்லையே மதினி" என்றேன்.

"வாசல் தெரியுதுல்லா" என்றாள்.

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா காரியம் முடிந்த வாரமே அண்ணன் அவளிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டு வாசப்படியையும் தான் அடைத்துவிட்டதாகவும், தோட்டம் யார் வீடும் இல்லை, அங்கே வார்த்தை தடுக்காது என்றும் சொல்லியிருக்கிறார். ஞாயிறு நாலு மணி என்றால் தங்கச்சிக்குத் தெரியும், அவள் வருவாள் என்று அடித்துச் சொன்னாராம். நான் போய்ச் சொல்லிக் கூட்டிவருகிறேன் என்று மதினி கிளம்பியதற்கு விடவில்லை. நீ சொல்லி வந்தால் அது நீ கூட்டி வந்ததாகும், அவளாகத் தோன்றி வர வேண்டும் என்றாராம். மூச்சு விடக் கூடாது என்று மதினியின் வாயையும் கட்டிவிட்டார். மழை என்றால் குடை, வெயில் என்றால் துண்டு. காய்ச்சலில் கூட ஒரு ஞாயிறு தவறவில்லையாம். போய் உட்கார்ந்து, ஆறு மணிக்கு மணியடித்ததும் எழுந்து வந்துவிடுவாராம். வந்தாளா என்று மதினி கேட்க மாட்டாள். அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒரே ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாராம், அவள் வந்தாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை வந்தாள் என்று. பிள்ளை நம் அம்மாவைப் போலவே இருக்கிறாள், இரட்டைச் சடை போட்டிருந்தாள் என்றாராம். ஏன் கூப்பிடவில்லை என்று மதினி சத்தம் போட்டிருக்கிறாள். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை, அதற்குள் திரும்பிவிட்டாள் என்றாராம். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சைக்கிளைத் துடைத்துக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்ச் சாத்தினார். அதற்கு மேல் அவர் அதைத் தொடவே இல்லை. ஆபீசுக்கு பஸ், தோட்டத்துக்கு நடை. முழங்கால் வலி வந்த பிறகு ஆட்டோவிலாவது போங்கள் என்று மதினி எவ்வளவோ மன்றாடியிருக்கிறாள். மதினி இந்த இடத்தில் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு, அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொன்னாள்.

"'சைக்கிளப் பாத்துட்டுத்தான் அவ திரும்பிப் போனா. வெளிய வண்டி எதுவும் நிக்கலைன்னா, நான் வரலைன்னு நெனச்சு உள்ள வந்துருவாள்லா. நான் பைய நடந்தே போயிக்கிடுதேன்'னாக."

 வாசல் பக்கமாகப் பிள்ளைகள் யாரோ ஐஸ் வாங்கிக்கொண்டு சிரித்துப் போனார்கள். பதினெட்டு வருடம். நான் பஸ்ஸில் உட்கார்ந்து கஞ்சத்தனம் என்று சொன்ன நடை ஒவ்வொன்றும் எனக்காக நடந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த பஸ்ஸிலிருந்து நான் இறங்கியிருந்தால் போதும். நிமிர்ந்து உள்ளே பார்த்திருந்தால் கூடப் போதும், இந்தப் பெஞ்சு வாசலிலிருந்து இருபது அடிதான். ஏன் திரும்பிப் போனாய் என்று மதினி என்னைக் கேட்டாள். அண்ணன் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் என்று சொல்ல ஆரம்பித்து, அந்த வார்த்தையைச் சொல்லும்போதே வெட்கமாகிவிட்டது. அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். மதினி என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நானாவது அந்த மனுஷர் பேச்சை மீறி உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும் என்று அவளும் அழுதாள். எங்கள் வீட்டுக்கு வாழ வந்து அவளும் எங்களைப் போலவே ஆகிவிட்டிருந்தாள்.

ஆறு மணிக்கு மணியடித்தார்கள். மதினி ஆட்டோ பிடிக்கப் போனாள். வேண்டாம், நடப்போம் என்றேன். அவர் போய்வந்த வழியாகவே கூட்டிப்போகச் சொன்னேன். எனக்கும் இப்போது முழங்கால் சரியில்லை, அவளுக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் மெதுவாக நடந்தோம். வாய்க்கால் பாலத்துக் கட்டையைக் காட்டி, இங்கே கொஞ்ச நேரம் உட்காருவார் என்றாள். நான் உட்கார்ந்து பார்த்தேன். மாதாகோயில் மதில் பக்கத்தில், இங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்வார் என்றாள். நின்றேன். டீக்கடைக்காரர் மதினியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அண்ணாச்சியோட தங்கச்சி என்று மதினி என்னைக் காட்டிச் சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மார்க்கெட் தாண்டும்போது ஆற்றுப் பக்கம் போகும் பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. ஜன்னலோரத்தில் யாரோ ஒரு பெண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அண்ணனுக்குக் கடைசி நாட்களில் இன்னும் கூடுதலாகவே ஆகியிருக்கும்.

வாசலில் கோலம் இல்லை. மதினி கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். திரும்பி, வா என்றாள். நான் தெருவில் நின்றேன். கல்லில் செதுக்கிய பழைய வாசப்படி. நடுவில் தேய்ந்து பள்ளமாக இருந்தது. சிறு வயதில் அதில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுவேன், அண்ணன் சைக்கிளைத் தெருவுக்கு இறக்கும்வரை. மதினி மறுபடி கூப்பிடவில்லை, கூப்பிட்டு வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். எவ்வளவு நேரம் நின்றேனோ. எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன். யாரும் சொல்லாமல், யாரும் கூட்டிப்போகாமல், நானாகவே படியில் கால் வைத்தேன்.

கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணன். படத்தில் நெற்றி நிறையத் திருநீறு. அதற்கு எதிரே போய் நின்றேன். அவர் பேச்சை மீறி நான் செய்த இரண்டாவது காரியம் இது. ஏளா, உன்னை யார் உள்ளே விட்டது என்று ஓர் அதட்டல் வரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். ஏசினாலும் சரி, வெளியே போகச் சொன்னாலும் சரி. மதினி காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.